மாமன் சீராக வந்த இரண்டு பிளக்குகள்

கரண்டு வேலை தெரியும் என்று தானாகச் சொல்லிக்கொள்கிறவனை வீட்டு விசேஷத்தில் பந்திக்கு மட்டும்தான் கூப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்தானா, வெற்றிலையைக் கையில் கொடுத்து, வாசல்வரை கூடவே போய் வண்டி ஏற்றிவிட்டு வர வேண்டும். மெயின் போர்டு இருக்கிற பக்கம் அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட விடக் கூடாது. இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்லக் காரணம், எங்கள் வீட்டு விசேஷத்தில் அந்த ஆள் நான்தான்.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்பதாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று. அதன் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். கட்டுமாவடியில் ஐஸ் உடைத்து மீன் பெட்டியில் கொட்டினேன். மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவல் இருந்தேன். போர்வெல் லாரியோடு வடக்கே போய், பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாத ஊர்களில் எல்லாம் பூமியைத் துளைத்தேன். எந்த முதலாளியும் என்னைத் துரத்தியதில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்காது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, திரும்பி வர வீடு என்றும் ஒன்றில்லை (கூரை இருந்தது; ஒரு ஐப்பசி மழையில் அதுவும் உட்கார்ந்துவிட்டது). கீரமங்கலம் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி தனத்தின் தென்னந்தோப்பு வீடுதான் நான் போய்ப் பையை இறக்கும் இடம்.

தனத்தின் கணவர் செல்வம் அப்போது கத்தாரில் இருந்தார். தனத்தின் வயிற்றில் பிள்ளை இருந்தபோது விமானம் ஏறியவர். பிள்ளை பிறந்தது, யாழினி என்று பெயர் வைத்தது, குப்புற விழுந்தது, நடந்தது எல்லாம் அவருக்குப் போனில்தான் போய்ச் சேர்ந்தன. முன் அறையில் ரவுட்டர் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்தால் தினமும் பேசலாம். ஆனால் பிள்ளைகள் ரவுட்டருக்கு அடியிலா எல்லாவற்றையும் செய்கின்றன? யாழினி முதல் எட்டு வைத்தது மாட்டுக் கொட்டகை ஓரத்தில். அங்கே வைபையும் எட்டாது, செல்போன் டவரும் எடுக்காது (தென்னை மரத்தில் ஏறினால் எடுக்கும் என்று தேங்காய் பறிக்கிறவர் சொல்லுவார்). தனம் வீடியோ எடுத்து, முன் அறைக்கு ஓடி வந்து, அனுப்பி, அவர் டூட்டி முடிந்து வந்து பார்த்தபோது பிள்ளை இங்கே தூங்கியிருந்தது.

காது குத்துக்கு நாள் குறித்ததும் செல்வம் எனக்குப் போன் செய்தார். லீவு கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. சம்பளம், சாப்பாடு, மழை என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்:

“எல்லாமே நடந்து முடிஞ்சதுதான் எனக்கு வந்து சேருது மச்சான். ஒன்னே ஒன்னையாவது நடக்கையில பாக்கணும்.”

“பாக்குறீங்க மாப்ள. அது என் பொறுப்பு” என்றேன்.

இப்படி ஒரு வாக்கை வாய் கூசாமல் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது நான் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தேன். காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம், குப்பையில் போடச் சொல்லி என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தது. அதற்குள் இரண்டு வெள்ளைப் பிளக்குகள். அந்த வீட்டில் அவை வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் சுவரில் சொருகி, சின்ன வயரால் ரவுட்டரோடு சேர்க்க வேண்டும். இன்னொன்றை அதே வீட்டில் தூரத்து அறையில் சொருக வேண்டும். நடுவில் எந்த வயரும் இழுக்க வேண்டாம். சுவருக்குள் கரண்டு ஓடுகிற கம்பி வழியாகவே இன்டர்நெட்டும் ஓடிப்போய், அந்தப் பக்கத்துப் பிளக்கு வைபையாகக் கக்கும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டால் பச்சை விளக்கு. காணாவிட்டால் சிவப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேலும் விஷயம் உண்டு என்பதை அந்தப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் காகிதம் சொல்லியிருக்கும். நான் அதில் முறுக்கு மடித்துத் தின்றிருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. காது குத்தென்றால் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும்; பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தனத்துக்குப் பிறந்த வீடு என்று நிற்பது நான் ஒருத்தன்தான். குண்டுமணி அளவில் ஒரு ஜோடித் தோடும் ஒரு கவுனும் வாங்கிவிட்டேன். அதற்கு மேல் தட்டு நிரப்ப வழியில்லை. எங்கள் பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் அறந்தாங்கியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் மேளதாளத்தோடு வரிசைத் தட்டு எடுத்து வருவார் என்பது தெரியும். அவர் கொண்டு வர முடியாத ஒன்றை நான் கொண்டு வர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

ஆக, விசேஷத்துக்கு முந்தின நாள், தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தோடு, கவுன், அவற்றுக்கு நடுவே குங்குமப் பொட்டு வைத்த இரண்டு பிளக்குகளோடு தங்கச்சி வீட்டுப் படி ஏறினேன். தனத்தின் மாமியார் தட்டை வாங்கி, பிளக்கு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. கொட்டகைப் பக்கம் கொசு தாங்கல” என்றார்.

அது கொசு மருந்து மிஷின் இல்லை என்று விளக்கினேன். மாப்ளையைக் கொண்டுவந்து பந்தலில் நிறுத்தப்போகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, அதற்கு மருந்து எங்கே ஊற்ற வேண்டும் என்று கேட்டாராம்.

பந்தல், வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையை ஒட்டி, வேப்பமரத்தடியில் அவர்கள் குலசாமியின் சூலம் நட்டிருக்கிற இடத்தில் போட்டிருந்தது. அந்தச் சூலத்தைப் பார்க்க வைத்துத்தான் காது குத்த வேண்டும்; முன் அறைக்கு மாற்றும் பேச்சே இல்லை. பந்தல் வேலையைப் பார்க்க வந்திருந்த முருகேசன் அண்ணன் மட்டும், டவுனில் நீள வயர் விற்கிறது, ரவுட்டரிலிருந்து நேரே பந்தலுக்கு இழுத்துவிடலாமே என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

“சுவத்துக்குள்ள கம்பி கெடக்கையில எதுக்குண்ணே இன்னொரு கம்பி?”

சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். ஒரு பிளக்கு முன் அறையில், இன்னொன்று கொட்டகையில். இரண்டிலும் பச்சை. செல்வத்தைக் கூப்பிட்டேன். துளிகூடத் தடங்கல் இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்தார். யாழினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். எதிரே நின்றது பசு மாடு மட்டும்தான். அதையும் அவர் ஊரை விட்டுப் போன பிறகுதான் வாங்கினார்கள். மாட்டின் முகம், காது, கொம்பு, வால் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். “லட்சணமா இருக்கு மச்சான்” என்றார். அந்த விசேஷத்தில் எந்தத் தடங்கலும் இல்லாமல் அவர் பார்த்த ஒரே ஜீவன் அந்தப் பசுதான்.

மறுநாள் காலை தோப்பு நிறையச் சனம். யாழினிக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, என் கவுனைப் போட்டிருந்தார்கள். ஆசாரி சின்னச் சுத்தியல், கம்பியோடு மணைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் போனை நிறுத்தி செல்வத்தைக் கூப்பிட்டேன். வந்தார். வேட்டி சட்டையில் இருந்தார். நெற்றியில் திருநீறு. காலை ஷிப்டை ஒருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, குளித்து, கேம்பு ரூமில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மேல்கட்டிலிலிருந்து கால்கள் தொங்கின. ரூமில் இருந்த அத்தனை பேரும் காது குத்துக்கு வந்திருந்தார்கள்.

எனக்கு நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. கையில் இருந்த டெஸ்டரை (வேலை இல்லாவிட்டாலும் கையில் டெஸ்டர் வைத்திருந்தால்தான் மரியாதை) பல்லில் கடித்துக்கொண்டு, போனைக் கொஞ்சம் நிமிர்த்தி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தெரிகிறதா என்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு குறைந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருக் கம்பத்திலிருந்து மூன்று லைன் வருகிற வீடுகளில், ஒரு லைனில் கரண்டு குறைந்தால் அடுத்த லைனுக்குத் திருப்பிக்கொள்ள ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். பேஸ் மாத்துறது என்போம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், எங்கள் பக்கத்தில் கை தானாக அந்தச் சுவிட்சுக்குப் போய்விடும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தனம் வீட்டில் முன்கட்டுக்கு ஒரு சுவிட்ச், பின்கட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரு சுவிட்ச். சமையலில் கிரைண்டர் ஓட, மைக் செட் பாட, சீரியல் விளக்கு பகலிலேயே மின்ன, பந்தலில் நின்ற இரண்டு பெரிய ஃபேனும் மூச்சு வாங்கின. பிள்ளைக்கு வியர்த்துச் சந்தனம் வழிந்தது. மாமியார் குரல் கொடுத்தார்:

“யாராச்சும் பேஸ மாத்துங்கப்பா.”

யாராச்சும் என்றால் நான்தானே. ஒரே ஓட்டம். பின்கட்டுச் சுவிட்சைத் திருகினேன். ஃபேன் விர்ரென்று சுற்றியது. பந்தலில் ஒருவர் சபாஷ் என்றுகூடச் சொன்னார். திரும்பி வந்து போனைப் பார்த்தால், செல்வம் வாயைப் பாதி திறந்தபடி சிலையாக நிற்கிறார். கொட்டகைப் பிளக்கில் சிவப்பு.

நடந்தது என்ன என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் சொல்வேன். இரண்டு பிளக்கும் ஒரே லைனில் இருந்தவரைக்கும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஒன்றை மட்டும் அடுத்த லைனுக்கு மாற்றினால், ஒரே வீட்டுச் சுவரில் இருந்தாலும் அவை வேறு வேறு ஊர். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. நான் இன்டர்நெட்டைச் சந்தேகப்பட்டேன். ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன். கத்தாரைச் சந்தேகப்பட்டேன். ஃபேனைச் சுற்றவைத்த என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை.

முன் அறைக்கு ஓடினேன். ரவுட்டர் நன்றாகத்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகினேன். கொட்டகைக்கு ஓடினேன். சிவப்பு. மறுபடி முன் அறை. வழியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எனக்காக இலையைத் தூக்கித் தூக்கி வழி விட்டார்கள். மணைக்குப் பக்கத்தில் போன ஒரு தடவை தனம் என் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, வந்து ஒக்காருண்ணே. நேரம் போவுது.”

“இந்தா வாரேன்த்தா. மாப்ள பாக்காம எப்படி?”

“அவுக அப்பறம் பாத்துக்கிருவாக. நீ வா.”

அப்புறம் பார்ப்பதற்கா நான் வாக்குக் கொடுத்தேன்? கையை உருவிக்கொண்டு ஓடினேன். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தபோது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

முன் அறையில் ரவுட்டருக்கு அடியில் மண்டி போட்டுக்கொண்டிருந்தபோது மேளச் சத்தம் மாறியது. கெட்டிமேளம். வெளியே ஓடினேன். கூட்டத்துக்குப் பின்னால் எக்கித்தான் பார்க்க முடிந்தது. மணையில் முருகேசன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாழினி. அவரும் தாய்மாமன் முறைதான். ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்தார், அதில் குற்றம் ஒன்றுமில்லை. அவர் பட்டு வேட்டியில் என் கவுன் கிடந்தது.

எனக்கு அப்போது என்ன தோன்றியிருக்க வேண்டும்? சும்மா நின்று பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, இப்போதாவது லைன் வந்தால் மாப்ள பார்ப்பாரே என்பதுதான். மெயின் போர்டுக்குப் பாய்ந்து, கண்ணில் பட்ட அத்தனை சுவிட்சையும் திருகினேன். முன்கட்டும் பின்கட்டும் ஒரே லைனுக்கு வந்துவிட்டன. அது சரியான வேலைதான், குருட்டாம்போக்கில் நடந்தாலும். ஆனால் கிரைண்டர், மைக் செட், சீரியல் விளக்கு, ஃபேன் எல்லாமும் அந்த ஒரே லைனில் போய்த் தொங்கின. போர்டுக்குள் படீரென்று ஒரு சத்தம். பீஸ் போயிற்று.

வீடு மொத்தமும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டது. ஃபேன் நின்றது. பாட்டு நின்றது. அரைபட்ட மாவோடு கிரைண்டர் நின்றது. மேளக்காரர்கள்கூட என்னவோ என்று கையை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில்தான் ஆசாரி கம்பியை இறக்கினார். யாழினி அழுத அழுகை தென்னை மரங்களுக்கு மேலே போய் எங்கோ மோதித் திரும்பி வந்தது. நான் மெயின் போர்டுக்கு முன்னால், பல்லில் டெஸ்டரோடு நின்று அதைக் கேட்டேன். பார்க்கவில்லை.

பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஆண்கள் இரண்டு பேர். ஒருத்தர் கடல் தாண்டி ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தன் இருபதடி தாண்டி ஒரு பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் செட்காரர் வந்து புதுக் கம்பி சுற்றிப் பீஸைப் போட்டார். கிரைண்டரை அணைத்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பரவாயில்லை. மாமியார் மட்டும் வேலை ஆளிடம், அந்தத் தம்பியைப் போர்டுப் பக்கம் விடாதே என்று தணிந்த குரலில் சொன்னார். நான் கொட்டகைக்குள் போய்ப் பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. இரண்டும் ஒரே லைனில் இருந்தன, அவ்வளவுதான். முக்காலியில் போன் அடித்தது.

செல்வம் வேட்டியை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தனம் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். மொட்டைத் தலை, அழுது சிவந்த மூக்கு, இரண்டு காதிலும் குண்டுமணித் தோடு. இந்தக் காது, அந்தக் காது என்று மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்:

“மாமன் மடியிலதானே ஒக்கார வச்சீங்க?”

தனம் என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன். முருகேசண்ணன் உட்கார்ந்தார் என்று அவளே சொன்னாள். இந்த அண்ணன் உங்களுக்காக அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொன்னாள்.

“மச்சான் எங்கே? கூப்புடு.”

எழுந்து போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் தோள் குலுங்க ஆரம்பித்தது. பின்னால் தொங்கிய கால்களும் குலுங்கின. காரணம் பிறகுதான் தெரிந்தது. கரண்டு குறைந்த நொடியிலேயே அவர் போனில் படம் உறைந்துவிட்டதாம்; அப்படி உறைந்து நின்றது என் முகம். பல்லில் டெஸ்டர், விரிந்த மூக்குத் துவாரம், ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வட்டம் சுற்றிச் சுற்றி லைன் கட்டாகிற வரைக்கும் ரூமில் அத்தனை பேரும், இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் அதைப் படமாகப் பிடித்துவிட்டார்.

“காது குத்துக்கு வந்தேன் மச்சான், ஒங்க பல்லப் பாத்துட்டுப் போறேன்” என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எனக்குப் பிளக்கு மாமா என்று பெயர். யாழினிக்குப் பேச்சு வந்ததும் அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். காது குத்து ஆல்பத்தில் முதல் படம் என் டெஸ்டர் படம். தனம் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறாள். யார் வீட்டில் கரண்டு போனாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும், நீ எங்கடா இருக்கிறாய் என்று.

இப்போது நான் இருப்பது கத்தாரில். செல்வம்தான் தன் கம்பெனியில் சொல்லி எடுத்துவிட்டார், எலக்ட்ரிக்கல் ஹெல்ப்பராக (சிரிக்காதீர்கள்). நான் வந்து சேர்ந்த நாளில் கேம்பு ரூம் கதவைத் திறந்ததும், முன்பின் பார்த்திராத ஆட்கள் எல்லாம் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். இரும்புப் பீரோவில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. கொஞ்ச காலத்தில் செல்வம் போதும் என்று ஊருக்கே போய்விட்டார். தேங்காய் ஏவாரம் பார்க்கிறார். அவர் கட்டில் எனக்கு வந்தது. கால் தரிக்காதவன் என்று பெயர் எடுத்த நான் இந்தக் கட்டிலில்தான் தரித்திருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டால் காலும் தரிக்கத்தான் செய்யும்.

போன வாரம் தனத்தின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்து. லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. செல்வம் போன் செய்தார். பந்தலுக்கே எட்டுகிற மாதிரி இப்போது வேறு வசதி எல்லாம் வந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பிளக்குகளைத்தான் சொருகியிருக்கிறேன் என்றார். அவை இன்னும் வேலை செய்கின்றனவாம். இரண்டு சுவிட்சையும் ஒரே லைனில் வைத்து, மேலே மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருக்கிறாராம். அதைப் பார்த்துச் சாமி என்று நினைத்து யாரோ பூ வைத்துவிட்டார்களாம்.

ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டுக் குளித்தேன். வேட்டி கட்டினேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மேல்கட்டிலிலிருந்து கால்கள் தொங்கின. போன் எடுத்ததும் பந்தல் தெரிந்தது. வேப்பமரம், சூலம், இரட்டைச் சடையில் யாழினி. “பிளக்கு மாமா, ஒங்க எடத்தப் பாருங்க” என்று அவள் மணையைக் காட்டினாள். மணையின் ஓரத்தில் முருகேசன் அண்ணன் தள்ளி உட்கார்ந்திருந்தார். நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அங்கேதான் நான் தெரிகிற போனை வைக்கப் போகிறார்களாம்.

செல்வம் போனைக் கையில் எடுத்தார். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, “மச்சான், தெரியு—” என்றார்.

அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்து, ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சிறிதாக. அவர் தோளுக்குப் பின்னால் மணையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. வட்டம் சுற்றியது. மேல்கட்டிலில் சிரித்தார்கள். படம் பிடி, படம் பிடி என்றார்கள்.

“தெரியுது மாப்ள” என்றேன்.

அவருக்குக் கேட்டிருக்காது. நான் போனைக் கட் செய்யவில்லை.